ஸ்லாப்பில் இருக்கும் 10: பிரமோ அட்டையில் பணம் போடும் முன்

வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் இந்தப் பேச்சு உங்கள் காதுக்கு வந்திருக்கும்: "இந்த போக்கிமோன் அட்டை இப்போ இருநூறு வெள்ளிப்பா. அமெரிக்காவுக்கு அனுப்பி பத்து வாங்கிட்டா அறுநூறுக்குப் போகும்." பிறை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தம்பியோ தங்கையோ போனஸ் பணத்தை இதில் போடலாமா என்றும் கேட்டிருக்கலாம். செபராங் ஜெயாவில் இருந்துகொண்டு இதில் இறங்க நினைப்பவர் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

பிரமோ அட்டை என்றால் என்ன?

போக்கிமோன், ஒன் பீஸ், யு-கி-ஓ போன்ற அட்டை விளையாட்டுகளில் பெரும்பாலான அட்டைகள் கடையில் விற்கும் பாக்கெட்டுக்குள் வரும். சில அட்டைகளை மட்டும் தனியாகக் கொடுப்பார்கள். போட்டியில் கலந்துகொண்டவர்கள், திரைப்பட டிக்கெட் எடுத்தவர்கள், சிறுவர் இதழ் வாங்கியவர்கள், துரித உணவுக் கடையில் பிள்ளைகளுக்கான உணவு வாங்கியவர்கள் என்று அவை பலர் கைக்குப் போய்ச் சேரும். விளம்பரத்துக்காக வெளியிடப்படும் இவற்றைத்தான் பிரமோ என்கிறார்கள்.

பிரமோ என்றாலே அரிதுதானே?

இல்லை. இந்த ஒரு கேள்வியில்தான் பலருடைய பணம் போகிறது. மூன்று அட்டைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர். ஜப்பானின் கோரோகோரோ காமிக் இதழ் 1997, 1998 ஆண்டுகளில் நடத்திய ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்குக் கொடுத்த பரிசு இது. அதிகாரபூர்வமாக வழங்கப்பட்டவை 39 மட்டுமே. அதில் 10 என்ற தரம் (இது என்ன என்று கீழே பார்ப்போம்) பெற்ற ஒன்றை அமெரிக்கரான லோகன் பால் 2021ல் 52 லட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு வாங்கினார். செய்திகளில் அடிக்கடி வருவது இந்த அட்டைதான்.

இரண்டாவது, ஏன்ஷியன்ட் மியூ. 2000ஆம் ஆண்டில் போக்கிமோன் படம் பார்க்க அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போனவர்களுக்குக் கொடுத்தார்கள். முழுக்க மினுங்கும், விசித்திரமான எழுத்து நிரம்பிய அட்டை. வயது கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் வந்தவர் எல்லாருக்கும் கிடைத்ததால், தரமிடாத ஒன்று நெடுங்காலம் சொற்ப விலைக்கே கைமாறி வந்தது. பழையது என்பதற்காக மட்டும் எதுவும் விலை ஏறிவிடாது.

மூன்றாவது, சாம்பல் நிறத் தொப்பி அணிந்த பிக்காச்சு. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகமும் போக்கிமோன் நிறுவனமும் சேர்ந்து 2023 செப்டம்பர் 28ல் ஒரு கண்காட்சி தொடங்கின. அங்கே கொடுத்த அட்டைக்குக் கூட்டம் முண்டியடித்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, அடுத்த மாதமே அருங்காட்சியகம் அதைக் கொடுப்பதை நிறுத்தியது. இனிக் கிடைக்காது என்று பலர் அவசரமாக வாங்கினார்கள். ஆனால் அதே அட்டையை நிறுவனம் பிறகு வேறு வழிகளிலும் விநியோகித்தது. இன்று 10 தரம் பெற்ற பிரதிகளே பல ஆயிரம் இருக்கின்றன.

ஆகவே எந்தப் பிரமோவைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "இதை யாருக்கு, எப்படிக் கொடுத்தார்கள்?" என்பதைத்தான். போட்டியில் ஜெயித்தவருக்கு மட்டும் கொடுத்ததா, வாசலில் நின்ற எல்லாருக்கும் கொடுத்ததா? மறுபடியும் கொடுக்க வாய்ப்பு உண்டா? எத்தனை அச்சிட்டோம் என்று நிறுவனங்கள் பொதுவாக வெளியில் சொல்வதில்லை. கொடுத்த விதத்தை வைத்துத்தான் நாம் ஊகிக்க வேண்டும்.

தரமிடுதல் என்றால் என்ன செய்கிறார்கள்?

உங்கள் அட்டையை ஒரு தனியார் நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள். அவர்கள் அது அசலா என்று பார்த்து, எவ்வளவு பழுதில்லாமல் இருக்கிறது என்பதற்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, ஸ்லாப்புக்குள் (திறந்தால் உடைந்துவிடும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை) பூட்டித் திருப்பி அனுப்புவார்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் அட்டையின் பெயர், மதிப்பெண், பதிவு எண் எல்லாம் இருக்கும்.

இந்தத் தொழிலில் மிகவும் அறியப்பட்ட பெயர் பிஎஸ்ஏ. 1991ல் அமெரிக்காவில் தொடங்கியது. பெக்கெட், சிஜிசி ஆகியவையும் உண்டு. மூன்றும் 10 போடலாம். ஆனால் சந்தை மூன்றுக்கும் ஒரே விலை கொடுப்பதில்லை. போக்கிமோன் அட்டைகளில் பெரும்பாலும் பிஎஸ்ஏ 10க்குத்தான் கிராக்கி அதிகம். ஆகவே "பத்து" என்று யாராவது சொன்னால், எந்த நிறுவனத்தின் பத்து என்று கேளுங்கள்.

எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்?

நான்கு விஷயங்கள்: மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, சென்டரிங் (படம் அட்டையின் நடுவில் சரியாக அமைந்திருப்பது). பிஎஸ்ஏவில் 10 வாங்க, முன்பக்க விளிம்பு ஒரு புறம் 55, மறுபுறம் 45 என்ற விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அட்டை அச்சகத்திலேயே கோணலாக வெட்டப்பட்டிருந்தால் நீங்கள் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் பயனில்லை.

அனுப்பும் முன் நீங்களே பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்து அட்டையை மெதுவாகத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறலும் அச்சு உருளை விட்ட மெல்லிய கோடும் அப்போது தெரியும். பிறகு பின்பக்கம் திருப்பி நீல விளிம்பைப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி மூலையில் இருந்தாலே 10 கைநழுவிப் போகலாம்.

அப்படியானால் 10 என்பது விலைக்கு உத்தரவாதமா?

அந்த எண் தாளின் நிலையை மட்டும்தான் சொல்கிறது. அரிதா, நாளை யாராவது வாங்குவார்களா, என்ன விலை போகும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கில் 10 இருக்கும் அட்டைக்கு, அந்த 10 பெரிய சிறப்பு ஆகாது.

ஒரு அட்டைக்கு எத்தனை 10, எத்தனை 9 போட்டிருக்கிறார்கள் என்பதைப் பிஎஸ்ஏ தன் இணையத்தளத்தில் இலவசமாகக் காட்டுகிறது. இதை பாப் (தரம் பெற்றவற்றின் கணக்கு) என்பார்கள். வாங்கும் முன் பாருங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். புதிய பிரமோ வந்த முதல் மாதத்தில் பாப் நூறு என்றால், மற்றவர்கள் அனுப்பியவை இன்னும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள்.

தரமிடும் நிறுவனம் அசல் என்று சொன்னால் நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். 1996ஆம் ஆண்டின் சோதனைப் பிரதிகள் என்று அசல் முத்திரையோடு விற்கப்பட்ட சில போக்கிமோன் அட்டைகளில், வண்ண அச்சுப்பொறிகள் கண்ணுக்குத் தெரியாமல் பதிக்கும் மஞ்சள் புள்ளிகளைச் சேகரிப்பாளர்கள் 2025 தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தப் புள்ளிகள் சொன்ன அச்சு ஆண்டு 2024. நிபுணர் கையும் தவறும் என்பதற்கு இது சான்று.

போலி ஸ்லாப்பும் உண்டு. உண்மையான பதிவு எண்ணையே போலிச் சீட்டில் அச்சடித்து விடுகிறார்கள். ஆகவே எண் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. தரமிட்ட நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்குப் படம் இருந்தால், கையில் உள்ள அட்டையின் விளிம்பு அளவும் சிறு குறைகளும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உறையின் ஓரம் சிராய்த்தோ பசை தெரிந்தோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

இங்கிருந்து அனுப்ப எவ்வளவு ஆகும்?

மலிவான சேவையிலேயே ஒரு அட்டைக்குக் கட்டணம் மட்டும் நூறு ரிங்கிட்டை ஒட்டி வரும். அதற்கு மேல் அஞ்சல், காப்புறுதி, உள்ளூர் ஏஜென்டின் கூலி எல்லாம் சேரும். அட்டையின் மதிப்பு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணமும் கேட்பார்கள். திரும்பி வரப் பல மாதங்கள் ஆகலாம். 2021ல் அட்டைகள் மலைபோல் குவிந்ததால் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியே விட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். தரமிடாத அட்டையை 200 ரிங்கிட்டுக்கு வாங்கினீர்கள். தரமிடவும் அனுப்பவும் 150. மொத்தம் 350. பத்து கிடைத்தால் 600க்கு விற்கும்; விற்பனைச் செலவு பத்து விழுக்காடு போக 540. இலாபம் 190. ஒன்பது கிடைத்தால் 280க்கு விற்கும். செலவு போக 252. நட்டம் 98.

இப்படிப் பத்து அட்டைகளை அனுப்பினால் உங்கள் முதல் 3,500 ரிங்கிட். நான்கு அட்டைகளுக்கு 10, ஆறுக்கு 9 என்றால் மொத்த இலாபம் 172 ரிங்கிட். மூன்றுக்கு மட்டும் 10 என்றால் 116 ரிங்கிட் நட்டம். ஒரே ஒரு அட்டை தவறினால் இலாபம் நட்டமாகிவிடுகிறது. எட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதே 3,500 ரிங்கிட் ஊழியர் சேமநிதியில் ஓராண்டு முழுக்க இருந்திருந்தால், 2024க்கு அறிவித்த 6.30 விழுக்காட்டு இலாப ஈவில் 220 ரிங்கிட் கிடைத்திருக்கும். அட்டைக்கு இலாப ஈவு கிடையாது, வட்டி கிடையாது. வேறொருவர் கூடுதல் விலைக்கு வாங்கினால்தான் காசு.

அவசரத்துக்கு விற்க முடியுமா?

தங்கச் சங்கிலியை எந்த அடகுக்கடைக்கு எடுத்துப் போனாலும் அன்றைய விலையைப் பார்த்துப் பணம் கொடுப்பார்கள். அட்டைக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அந்த அட்டையை விரும்பும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அட்டைக் கடையில் கொடுத்தால் அவர்கள் தங்கள் இலாபத்தை வைத்துக் குறைத்துத்தான் கேட்பார்கள். கேரோசெல், ஷோப்பி, முகநூல் குழு என்று போட்டால் காத்திருக்க வேண்டும். மருத்துவச் செலவுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை இதில் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

விலை பார்க்கும்போது, விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்பதற்கு யாரும் எவ்வளவும் கேட்கலாம். ஈபேயில் "விற்றவை" என்ற பிரிவைத் திறந்து, அதே நிறுவனத்தின் அதே தரம் பெற்ற அட்டை கடந்த சில வாரங்களில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். ஒரே ஒரு விற்பனையை நம்பாதீர்கள், ஐந்தாறைப் பாருங்கள்.

சந்தை மொத்தமாக இறங்குவதும் உண்டு. கோவிட் முடக்கத்தின்போது 2020, 2021ல் அட்டை விலைகள் தாறுமாறாக ஏறின. 2022ல் பல அட்டைகள் சரிந்தன. உச்சத்தில் வாங்கியவர்கள் பல ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

நம் ஊர் வெப்பமும் ஈரமும் அட்டையைக் கெடுக்குமா?

கெடுக்கும். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க அதிகம். மினுங்கும் அட்டையில் ஒரு பக்கம் உலோகப் படலம், மறுபக்கம் தாள். தாள் ஈரத்தை இழுத்து விரிகிறது, படலம் விரிவதில்லை. அதனால் அட்டை வளைகிறது. தரமிட அனுப்பும் முன்பே வளைந்துவிட்டால் மதிப்பெண் குறையலாம்.

ஸ்லாப்புக்குள் போய்விட்டால் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். அது காற்றுப் புகாத பெட்டி அல்ல. இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அடங்கிய சிறு பை) போட்டு வையுங்கள்; பைகளை அவ்வப்போது மாற்றுங்கள். புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. வெயில் விழும் சன்னலோரத்தில் அழகுக்காக வைத்தால் நிறம் வெளுக்கும்.

தரை வீட்டில் இருப்பவர்கள் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். 2017 நவம்பர் வெள்ளத்தில் செபராங் பிறையில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வீட்டுக் காப்புறுதி இருந்தாலும், சேகரிப்புப் பொருளுக்கு இழப்பீடு உண்டா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வரி, சுங்கம் உண்டா?

பிள்ளை சேர்த்த அட்டையை எப்போதாவது ஒன்று விற்பது வேறு. இலாபத்துக்காகவே தொடர்ந்து வாங்கி விற்பது வேறு. இரண்டாவது வகை வியாபாரமாகக் கருதப்படும். அதன் வருமானத்தை உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குக் காட்ட வேண்டும். வாங்கிய ரசீது, தரமிட்ட கட்டணம், அஞ்சல் செலவு எல்லாவற்றையும் ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள்.

வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேல் போனால் சுங்கத்துறை தனியாக மதிப்பிடும். உங்களுடைய அட்டையே தரமிட்டுத் திரும்பி வரும்போதும் கேள்வி எழலாம். அனுப்பியபோது கொடுத்த பட்டியலையும் அஞ்சல் ரசீதையும் கையில் வைத்திருந்தால், புதிதாக வாங்கியது அல்ல என்று காட்ட உதவும்.

ஏமாறாமல் இருக்க என்ன செய்வது?

உள்ளூரில் பலருடைய அட்டைகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். வசதிதான், ஆனால் உங்கள் அட்டை பல மாதங்கள் முன்பின் தெரியாதவர் பொறுப்பில் இருக்கும். கொடுக்கும் முன் இருபுறமும் படம் எடுங்கள். வியாபாரம் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்எஸ்எம்மில், பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையின் பெயரும் மதிப்பும், தொலைந்தால் யார் பொறுப்பு என்பதும் ரசீதில் எழுதியிருக்க வேண்டும்.

தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் முன், காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழையுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கடையிலோ பதிவான வியாபாரியிடமோ வாங்கி ஏமாந்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறார்கள், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இந்த மன்றம் வியாபாரிகளுக்கு எதிரான புகாருக்குத்தான். முகநூலில் தன் சொந்த அட்டையை விற்ற தனி ஆளிடம் ஏமாந்தால் இங்கே வழியில்லை. விலை கொஞ்சம் கூடினாலும் ரசீது கொடுக்கும் கடையில் வாங்குவது நல்லது என்று சொல்வது இதனால்தான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேளுங்கள்.

"உங்கள் பணத்தைக் கொடுங்கள், நாங்கள் அட்டை வாங்கி மாதாமாதம் இலாபம் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அது அட்டை வாங்கும் விஷயமே அல்ல. பொதுமக்களிடம் முதலீடு திரட்டும் விஷயம். அதற்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். பத்திர ஆணையமும் பேங்க் நெகாராவும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களைப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் மட்டும் நம்பகமானது ஆகிவிடாது. மாதாமாதம் உறுதியான இலாபம் தரும் அட்டை உலகில் எங்கும் கிடையாது.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

அட்டையின் மேல் உங்களுக்கே ஆசை இருந்து, இழந்தாலும் வீட்டுச் செலவு பாதிக்காத பணமாக இருந்தால் வாங்கலாம். வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இதை யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள்? இதுவரை எத்தனை 10 இருக்கின்றன? அண்மையில் உண்மையாக எவ்வளவுக்கு விற்றது? ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு வாங்க வேண்டாம்.

தரமிட அனுப்புவதற்கு ஒரே விதி போதும்: 9 வந்தாலும் கையைக் கடிக்காத அட்டையை மட்டும் அனுப்புங்கள். பத்து வந்தால்தான் தேறும் என்றால் அனுப்பாதீர்கள். ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) போட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள்.

பிள்ளை கேட்டால் அதட்ட வேண்டாம். மேலே போட்ட கணக்கை, அவன் வைத்திருக்கும் அட்டையின் உண்மையான விலைகளை வைத்து அவனையே போடச் சொல்லுங்கள். வாங்கிய விலை, செலவு, 9 வந்தால் என்ன, 8 வந்தால் என்ன என்று ஒரு தாளில் எழுதட்டும். கணக்கு தேறினால் ஒன்றை அனுப்பிப் பார்க்கலாம். தேறாவிட்டால் அந்த அட்டை விளையாடவும் நண்பர்களிடம் மாற்றிக்கொள்ளவும் உதவும். அதற்காகத்தான் அதை அச்சிட்டார்கள்.